பங்கும் நுகமும்: பண்டைக் கிரேக்கச் சிந்தனையில் ஊழும் நியதியும்

1

தமிழிலே 'விதி' என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்பது யாவரும் அறிந்ததே. இலக்கண விதி, சட்ட விதி, இயக்கவியல் விதி என வழங்குமிடத்து அது அறியத்தக்க ஓர் ஒழுங்கைக் குறிக்கின்றது. விளைச்சல் பொய்த்த கமக்காரனும் மகவை இழந்த தாயும் 'எல்லாம் விதி' என்னுமிடத்து அது மனித முயற்சிக்கு அடங்காத ஒன்றைக் குறிக்கின்றது. அறிவின் மொழியும் கையறுநிலையின் மொழியும் ஒரே சொல்லிற் சந்தித்துக்கொள்வதை வெறும் மொழியியல் விநோதம் எனத் தள்ளிவிடுதல் இயலாது. 'வரலாற்றின் விதி' என்று முற்போக்கு எழுத்தாளர் ஒருவர் எழுதும்பொழுது வாசகர் செவியில் விழுவது இவ்விரண்டில் எது என்பது எமது விமர்சனத்தைப் பொறுத்தவரை சிறிய வினாவன்று.

பண்டைக் கிரேக்கர் இவ்விடயத்தைக் குறிக்கப் பல சொற்களைக் கையாண்டனர். அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று மொய்ரா, மற்றையது அனங்கே. முன்னையதை ஊழ் என்றும் பின்னையதை நியதி அல்லது கட்டாயம் என்றும் பெயர்க்கலாம். கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றதுமே அதனை 'விதியின் விளையாட்டு' என்று கூறி அமைந்துவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. அவ்வழக்கம் இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றது. அவை வெவ்வேறு சமூக அனுபவங்களிலிருந்து பிறந்தவை என்பதையும், தத்துவம் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபொழுது அவ்வனுபவங்களின் தடயங்கள் பெரிதும் மறைக்கப்பட்டன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மொய்ரா என்பதன் அடிப்படைப் பொருள் 'பங்கு' என்பதாகும். 'பகுதி' எனப் பொருள்படும் மெரொஸ் என்ற சொல்லும் அதே வேரினது. ஹோமரின் காவியங்களிலே விருந்தில் ஒருவனுக்குக் கிடைக்கும் இறைச்சித் துண்டும், போரிற் கிடைத்த கொள்ளையின் கூறும் மொய்ரா எனப்படும். முறைப்படி பேசுதல், முறைப்படி நடத்தல் என்பனவுங்கூட 'மொய்ராவின்படி' என்ற தொடராலேயே சுட்டப்படுகின்றன. பிற்காலத்தில் ஊழ்த் தெய்வங்களாக உருவகிக்கப்பட்ட மூவருள் ஒருத்தியின் பெயர் லக்கெசிஸ். திருவுளச்சீட்டின் மூலம் பெறுதல் என்ற வினையோடு தொடர்புடையது அப்பெயர். சீட்டையும் சீட்டினாற் கிடைத்த நிலத்தையும் கிரேக்கர் கிளெரொஸ் என்ற ஒரே சொல்லாற் குறித்தமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பங்கைக் குறித்த சொல் ஊழையும் குறிக்கும் நிலை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. பழந்தமிழில் 'பால்' என்பது பகுதியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். தொல்காப்பியத்தில் இரு வழக்கும் உண்டு. திருக்குறளின் ஊழ் அதிகாரத்திலே 'பால்' என்ற சொல்லும், வகுத்துக் கொடுப்பவன் என்ற கருத்தும் அடுத்தடுத்த குறள்களில் இடம்பெறுகின்றன. எனினும் சொற்கள் ஒத்தமைவதைக்கொண்டு இரு சமுதாயங்களின் வரலாறும் ஒத்தமைந்தது எனக் கொள்வது ஆய்வுநெறியாகாது. பங்கீடு என்ற உலகியற் செயலிலிருந்து ஊழ் என்ற கருத்து கிளைத்தல் கூடும் என்பதற்கு மற்றொரு மொழியிலிருந்து கிடைக்கும் சான்று என்ற அளவில் அதனைக் கொள்வோம்.

மொய்ராவின் சமூக அடிப்படையை விரிவாக ஆராய்ந்தவருள் எமது கல்வியுலகுக்கு மிக அணுக்கமானவர் ஜோர்ஜ் தொம்சன். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இருவரும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவரது வழிகாட்டலிலேயே கலாநிதிப் பட்ட ஆய்வினை மேற்கொண்டனர். 1941இல் வெளியான 'ஏஸ்கிலசும் ஏதென்சும்' என்ற நூலிலும், 1949இலும் 1955இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த பண்டைக் கிரேக்கச் சமுதாயம் பற்றிய ஆய்வுகளிலும் தொம்சன் இதனை வளர்த்தெடுத்தார். உணவும் கொள்ளையும் நிலமும் இனக்குழு உறுப்பினரிடையே சமமாகப் பகிரப்பட்ட காலத்தின் நினைவே மொய்ரா என்றும், அடிமைமுறை வேரூன்றிய காலத்தின் உணர்வே அனங்கே என்றும் அவர் கருதினார்.

இக்கருத்தின் வன்மையை மறுத்தல் இயலாது. கருத்துக்கள் வானத்திலிருந்து இறங்குவன அல்ல என்பதை, ஒரு சொல்லின் வரலாற்றைக் கொண்டே காட்டிய சாதனை அது. ஆயினும் ஆசானின் முடிபுகளை மீளவும் சான்றுகளோடு உறழ்ந்து பார்ப்பதே அவரது முறையியலுக்கு நாம் செய்யும் மரியாதையாகும். 1952இல் மைக்கல் வென்ரிஸ் லீனியர் பி எழுத்துக்களைப் படித்தறிந்தபின் ஹோமருக்கு முற்பட்ட மைசீனிய உலகம் பற்றிய எமது அறிவு பெரிதும் மாறியது. பைலொஸ் அரண்மனையின் களிமண் ஏடுகளிலே நிலப் பங்கீடுகள் பதியப்பட்டுள்ளன. அடிமையரைக் குறிக்கும் சொற்கள் காணப்படுகின்றன. கூட்டங்கூட்டமாக வேலைசெய்த பெண்களும் அவர்தம் குழந்தைகளும் கணக்கெடுக்கப்பட்டுள்ளனர். ஆகவே ஹோமரின் பாடல்களுக்குப் பின்னால் நாம் உடனடியாகக் காண்பது சமத்துவமான இனக்குழுவை அன்று. ஏற்றத்தாழ்வான பங்கீட்டை எழுதிவைத்த ஓர் அரண்மனை ஆட்சியையாகும்.

இதனால் மொய்ராவின் பொருள் அழிந்துவிடுவதில்லை, மாறாகக் கூர்மையடைகின்றது. இலியட்டின் ஒன்பதாம் பாடலிலே அக்கிலிஸ் முறையிடுகின்றான்: பின்தங்கி நிற்பவனுக்கும் முன்னின்று பொருதுபவனுக்கும் கிடைக்கும் மொய்ரா ஒன்றே. இவ்விடத்தில் மொய்ரா என்பது கொள்ளையின் பங்கா, சாவு என்ற ஊழா? இரண்டுமே. அகமெம்னன் அவனது பரிசிலைப் பறித்துக்கொண்ட பின்னணியிலேயே அச்சொல் எழுகின்றது. பங்கு பறிபோகும் வேளையிலேதான் பங்கைப் பற்றிய உணர்வும் உரத்து ஒலிக்கின்றது. மொய்ராவை இழந்துபோன பொற்காலத்தின் நினைவு எனக் கொள்வதைவிட, ஏற்றத்தாழ்வான பங்கீட்டினுள்ளே நின்று எழுப்பப்பட்ட உரிமைக்குரல் எனக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துவதாகும்.

தேவருலகிலும் இதே வழக்குத் தொடர்கின்றது. பதினைந்தாம் பாடலில், போர்க்களத்தை விட்டகலுமாறு சீயஸ் விடுத்த கட்டளையைக் கேட்டு பொசைடன் வெகுள்கின்றான். உடன்பிறந்தார் மூவரும் சீட்டிட்டு உலகைப் பகிர்ந்துகொண்டனர். வானம் சீயசுக்கும், கடல் தனக்கும், கீழுலகம் ஹேடிசுக்கும் வீழ்ந்தன. நிலமும் ஒலிம்பசும் பொதுவாயின. ஆகவே சீயஸ் தன் மூன்றிலொரு பங்கோடு அமைவதே முறை என்பது அவன் வாதம். பதினாறாம் பாடலில், தன் மகன் சார்ப்பிடனைச் சாவிலிருந்து மீட்கச் சீயஸ் எண்ணுகின்றான். வேண்டுமாயின் செய், மற்றைத் தேவர் உடன்படமாட்டார், அவர்களும் தத்தம் மக்களை மீட்க முற்படுவர் என்று ஹீரா எச்சரிக்கின்றாள். சீயசின் கையைத் தடுப்பது மாயசக்தி ஏதும் அன்று, பங்காளிகளின் உடன்பாடே.

பங்கீட்டின் அதிகாரம் யாரிடம் உளது என்ற போட்டியின் சுவடு ஹெசியொட்டின் 'தேவர் பிறப்பு' என்ற நூலிலும் காணக்கிடக்கின்றது. ஓரிடத்தில் மொய்ராக்கள் இரவின் புதல்வியர். பிறிதோரிடத்தில் சீயசுக்கும் தெமிசுக்கும் பிறந்தோர். தொன்மையான பங்கீட்டுமுறை புதிய ஆட்சித் தலைவனின் குடும்பத்துக்குள் தத்தெடுக்கப்படுவதை இவ்விரட்டை வமிசாவளியில் நாம் காணலாம். கி.மு. 458இல் அரங்கேறிய ஏஸ்கிலசின் ஒரெஸ்டிஸ் முத்தொகுதியும் இச்சிக்கலையே எடுத்துக்கொள்கின்றது. பழைய பங்கீட்டை அப்பொலோ குலைத்துவிட்டான் என்பது எரினிகளின் குற்றச்சாட்டு. அரியோபாகஸ் மன்றின் அதிகாரங்களை எபியால்டிஸ் குறைத்துச் சில ஆண்டுகளே கழிந்திருந்த ஏதென்சில், அம்மன்றின் தோற்றத்தையே நாடகமாக்கிய ஏஸ்கிலஸ், சீயசும் மொய்ராவும் இணங்கிவிட்டதாக முடிக்கின்றார். அவ்விணக்கத்திலே நகர மக்களுக்கு இடமுண்டு. நகரத்தின் அடிமைகளுக்கு எவ்விடத்தும் பங்கில்லை.

3

பங்கில்லாதவரின் நிலையைக் குறிக்கும் சொல்லே அனங்கே. இதனை இலியட்டின் ஆறாம் பாடலைவிடத் தெளிவாக விளக்கும் பகுதி பிறிதில்லை எனலாம். ஹெக்டர் தன் மனைவி அந்திரோமாக்கியிடம் விடைபெறுகின்றான். துரோய் வீழும் நாள் வரும் என்பதை அவன் அறிவான். அன்று அவள் ஆர்கொஸ் நாட்டில் இன்னொருத்தியின் தறியில் நெய்வாள். அயலார் ஊற்றிலிருந்து நீர் சுமப்பாள். விரும்பாதிருந்தும் வலிய அனங்கே அவள்மேல் அழுந்தும் என்கின்றான். அதே சந்திப்பின் இறுதியில் தன் சாவைப் பற்றிப் பேசும்பொழுது அவன் சொல் மாறுகின்றது. பிறந்தவருள் கோழையாயினும் வீரனாயினும் மொய்ராவுக்குத் தப்பியவர் எவருமிலர் என்று அவளைத் தேற்றுகின்றான்.

ஒரே உரையாடலில் இரு சொற்கள் இரு வாழ்வுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. களத்தில் மடியும் பிரபுவுக்கு மொய்ரா. சிறைப்பட்டு நீர் சுமக்கப்போகும் பெண்ணுக்கு அனங்கே. சாவுகூட அவனுக்கு ஒரு பங்கு, பாடப்படும் உரிமையுடையது. அவளுக்கு எஞ்சுவது பாரம் மாத்திரமே. இதனை நோக்குமிடத்து, மொய்ராவை ஒரு காலகட்டத்துக்கும் அனங்கேயைப் பிறிதொரு காலகட்டத்துக்கும் உரியதாக வரிசைப்படுத்தும் தொம்சனின் பகுப்பு திருத்தம் வேண்டிநிற்கின்றது. ஹோமரிலேயே இரண்டும் அருகருகே உள்ளன. அவற்றைப் பிரிக்கும் கோடு காலத்தினது மாத்திரமன்று, அதிகாரத்தினதும் பாலினத்தினதுமாகும்.

அச்சொல்லின் பிற்கால வழக்குகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. அனங்கேயின் பன்மை வடிவம் சித்திரவதையைக் குறிக்கவும் வழங்கியது. ஏதென்சின் நீதிமன்றங்களில் அடிமையொருவனின் சாட்சியம் சித்திரவதையின் மூலம் பெறப்பட்டாலன்றி ஏற்கத்தக்கதன்று என்பது பொதுவான நியமமாயிருந்தது. சுதந்திரமான குடிமகன் ஆணையிட்டுச் சொன்னால் அது சான்று. அடிமையின் உடல் முறுக்கப்பட்டால்தான் உண்மை வெளிவரும் என்பது அச்சமுதாயத்தின் நம்பிக்கை.

இந்நியமத்தை மனங்கொண்டு சொபொக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தை மீண்டும் படிப்போமாயின், விதி நாடகம் என அது பெற்ற பெயரைப் பற்றி நாம் ஐயுற வேண்டியவராகின்றோம். உண்மை வெளிப்படும் கணம் எது? முதிய இடையன் ஒருவன் அரசன்முன் கொண்டுவரப்படுகின்றான். தான் விலைக்கு வாங்கப்பட்டவனல்லன், லாயசின் வீட்டிலேயே வளர்ந்த அடிமை என்று அவனே கூறுகின்றான். அவன் பேச மறுக்கின்றான். அவனுடைய கைகளைப் பின்புறமாக முறுக்குமாறு ஈடிப்பஸ் ஆணையிடுகின்றான். அதன் பின்னரே அப்பொலோவின் வாக்கு மெய்யாயிற்று என்பது உலகறிய வெளிவருகின்றது. இன்னும் ஒன்று: கொல்லுமாறு கையளிக்கப்பட்ட குழவியை ஏன் கொல்லவில்லை என்ற வினாவுக்கு, இரக்கத்தினால் என்று அவன் விடையளிக்கின்றான்.

ஆக, தெய்வ வாக்கு நிறைவேறுவதற்கு அடிமையொருவனின் இரக்கம் தேவைப்பட்டது. அது வெளிப்படுவதற்கு அவ்வடிமையின் உடல்மேல் வலிமை தேவைப்பட்டது. அரசனின் மொய்ரா, இடையனின் அனங்கேயின் ஊடாகவே நடைபெறுகின்றது. கதைத்தலைவனின் வீழ்ச்சியிலே கண்பதித்த விமர்சகர் பலர் இதனைக் கடந்து சென்றனர். சொபொக்கிளிஸ் அடிமைமுறையை எதிர்த்தார் என நாம் வாதிக்கவில்லை; அவ்வாறு கூறுதல் வரலாற்றுணர்வின்மையாகும். தாம் வாழ்ந்த உலகினை உண்மையாகப் படைத்தமையால், அவ்வுலகம் தன்னைப் பற்றி அறிந்திராத ஒன்றும் அவரது நாடகத்தில் இடம்பெற்றுவிட்டது என்பதே எமது கருத்து.

ஏஸ்கிலசின் பெயரில் வழங்கிவரும் 'கட்டுண்ட புரொமீதியஸ்' நாடகத்தில் இது மேலும் வெளிப்படையாகின்றது. அந்நாடகத்தை அவரே இயற்றினாரா என்பது இன்று பலராலும் ஐயுறப்படுகின்றது. எனினும் சான்று என்ற வகையில் அதன் பெறுமதி குன்றாது. வலிமையும் வன்முறையும் உருவெடுத்து வந்து நிற்க, புரொமீதியஸ் பாறையில் அறையப்படுகின்றான். கைவினையாற்றல் அனங்கேயைவிட மிக வலிகுன்றியது என்று, மனிதருக்குக் கைவினைகளைக் கற்பித்த அவனே கூறுகின்றான். உற்பத்தி ஆற்றல்கள் விலங்கிடப்பட்ட சமுதாயமொன்று தன்னைப் பற்றிக் கூறிய கூற்றாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

4

இனித் தத்துவத்துக்கு வருவோம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மைலீற்றஸ் நகரத்து அனக்சிமாந்தர், பொருள்கள் தோன்றி அழிவதை, அவை காலத்தின் ஒழுங்குப்படி ஒன்றுக்கொன்று அநீதிக்கு ஈடுசெலுத்தும் வழக்காக வருணித்தார். சமூகத்தின் பங்கீட்டு நெறி இயற்கையின்மேல் ஏற்றப்படுவதை இங்கே காண்கின்றோம். பார்மெனிடிசின் செய்யுளில் உண்மைப்பொருளை எல்லையின் தளைகளிற் பிணித்து வைத்திருப்பவள் வலிய அனங்கே. சிறைப்பட்டவரின் தளை இங்கே மெய்ப்பொருளியலின் தளையாகின்றது. லூசிப்பசின் பெயரால் எஞ்சியுள்ள ஒரே வாக்கியம், எதுவும் வீணே நிகழ்வதில்லை, யாவும் காரணத்தோடும் நியதியாலுமே நிகழ்கின்றன என்ற கருத்தினது.

இவ்விடத்தில் ஒரு தலைப்பட்சத்தை நாம் தவிர்த்தல் வேண்டும். நியதி என்ற கருத்து அடிமையின் முதுகிலிருந்து எடுக்கப்பட்டது என்பதனால், அது வெறும் ஆளும் வர்க்கக் கருத்துநிலை எனக் கொள்ளுதல் பொருந்தாது. லூசிப்பசினதும் டெமொக்கிரிட்டசினதும் நியதி தேவரின் விருப்பு வெறுப்புக்களை உலகிலிருந்து வெளியேற்றியது, இயற்கையை அறியத்தக்கதாக்கியது. பிறப்பிடத்தைக் கொண்டு மாத்திரம் ஒரு கருத்தின் பயனை அளந்துவிட முடியாது. அது யாருடைய கையில், எப்பணியினைப் புரிகின்றது என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.

பிளேட்டோவின் கையில் அது எப்பணியினைப் புரிந்தது? 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் வரும் ஏர் என்பவனின் கதையிலே உலகின் கதிர் அனங்கேயின் மடியிற் சுழல்கின்றது. மொய்ராக்கள் மூவரும் இப்போது அவளின் புதல்வியர். இரவின் மக்களாயும் சீயசின் மக்களாயும் இருந்தோர் மூன்றாவது முறையாகத் தாய் மாறியுள்ளனர். பங்கு கட்டாயத்தின் பிள்ளையாகிவிட்டது. பிறவியெடுக்கப்போகும் ஆன்மாக்கள் சீட்டின் வரிசைப்படி வாழ்வுகளைத் தெரிவுசெய்கின்றன. பொறுப்புத் தெரிந்தவனுக்கே உரியது, கடவுள் குற்றமற்றவர் என அங்கு அறிவிக்கப்படுகின்றது. நிகழ்வது கட்டாயம், குற்றம் உன்னுடையது. சமூகத்தின் ஏற்றத்தாழ்வுக்குச் சமூகம் பொறுப்பன்று என்பதை இதனிலும் நேர்த்தியாகக் கூறிவிட முடியாது. 'திமேயஸ்' உரையாடலிலே அறிவு அனங்கேயை இணங்கச்செய்து ஆள்கின்றது. இவ்வுறவு ஆண்டானுக்கும் அடிமைக்கும் உள்ள உறவின் சாயலில் அமைந்தது என்பதை கிரெகரி விளாஸ்தொஸ் 1941இல் எழுதிய கட்டுரையிலே எடுத்துக்காட்டினார்.

அரிஸ்டோட்டில் ஓரளவு வெளிப்படையானவர். நெசவுநாடா தானே நெய்யுமாயின் ஆண்டானுக்கு அடிமை தேவைப்படான் என்று 'அரசியல்' நூலில் எழுதினார். அடிமைமுறை இயற்கையானது என வாதிட்ட அந்நூலிலேயே, அது எந்நிலையில் தேவையற்றதாகும் என்பதும் கூறப்பட்டுவிட்டது. நியதி எனக் கருதப்பட்டது ஒரு கருவியின் குறைபாடே என்பதற்கு இதனினும் சிறந்த ஒப்புதல் வேண்டுவதில்லை.

ஸ்டோயிக்கர் உலகனைத்தையும் ஊழின் சங்கிலியாகக் கண்டனர். அப்பள்ளியை நிறுவிய சீனோ பற்றி டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் ஒரு செய்தியைத் தருகின்றார். திருடிய அடிமையைச் சீனோ அடித்தபொழுது, திருடுவது என் ஊழ் என்றானாம் அடிமை. அடிபடுவதும் அவ்வாறே என்றாராம் சீனோ. இதனை நகைச்சுவைத் துணுக்காகக் கூறுவர். இருவரும் ஒரே கோட்பாட்டையே பேசுகின்றனர். ஆனால் சவுக்கு ஒருவர் கையிலேதான் உளது. ஊழ்க் கோட்பாட்டின் தருக்கத்தில் இருவரும் சமமானவர்; அதன் நடைமுறையில் அல்லர்.

எபிக்கியூரஸ் (கி.மு. 341–270) இதனை உணர்ந்தார். இயற்கைத் தத்துவவாதிகளின் ஊழுக்கு அடிமையாவதைவிடத் தேவர் பற்றிய கட்டுக்கதைகளைப் பின்பற்றுவது மேல் என மெனொசியசுக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டார். 'அடிமையாதல்' என்ற வினையை அவர் தேர்ந்துகொண்டமை நோக்கற்பாலது. அவரது தோட்டத்திலே மைஸ் என்ற அடிமையும் உடனிருந்து தத்துவம் பயின்றமை இக்கோட்பாட்டோடு தொடர்பற்றதன்று. அணுக்கள் நேர்கோட்டிலிருந்து சிறிதே விலகுகின்றன என்ற அவரது கருத்தை விஞ்ஞானப் பிழை என்று பலரும் எள்ளினர். இளம் மார்க்ஸ் 1841இல் ஜேனாப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டின் பொருள், டெமொக்கிரிட்டசினதும் எபிக்கியூரசினதும் இயற்கைத் தத்துவங்களுக்கிடையிலான வேறுபாடாகும். நியதியை மாத்திரம் கண்ட முன்னவரினும், அந்நியதியினுள்ளே சுய இயக்கத்துக்கு இடந்தேடிய பின்னவரையே அவர் உயர்வாக மதித்தார். புரொமீதியசை அவ்வேட்டின் முன்னுரையில் அவர் போற்றியதும் தற்செயலன்று.

5

மார்க்சியம் பொருளாதார நியதிவாதமே, பழைய ஊழ்க் கோட்பாட்டின் புதிய வேடமே என்பாருக்கு இவ்வரலாறு விடையளிக்கின்றது. அதே வேளையில் அது எமக்கும் ஓர் எச்சரிக்கையாகும். மூலதனத்தின் முதற்பதிப்புக்கு 1867இல் எழுதிய முன்னுரையிலே மார்க்ஸ் இரும்பு நியதியைப் பற்றிப் பேசியது உண்மையே. அங்கு அவர் குறித்தது முதலாளித்துவ உற்பத்தியின் போக்குகளையாகும். மனிதர் அவற்றை அறிந்து மாற்றும்பொருட்டே அவற்றை ஆராய்ந்தார். 1878இல் நூல்வடிவம் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' என்ற நூலில், நியதியை உணர்வதே சுதந்திரம் என்ற ஹெகலின் கருத்தை எங்கெல்ஸ் ஏற்றுக்கொண்டபொழுதும், உணர்தல் என்பது பணிந்துபோதல் எனப் பொருள்படவில்லை. நோக்கத்தோடு கையாளுதல் எனவே பொருள்பட்டது.

ஆனால் எமது விமர்சன எழுத்துக்களிலே 'வரலாற்றின் தவிர்க்கமுடியாத விதி' என்ற தொடர் எத்துணை எளிதாக வந்து விழுகின்றது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வெற்றி உறுதி என்று பாத்திரங்கள் முழங்குவதைக்கொண்டு ஒரு நாவலை முற்போக்கானது என்றும், தோல்வியைச் சித்திரிப்பதைக்கொண்டு பிறிதொன்றை நசிவுத்தன்மை வாய்ந்தது என்றும் தீர்ப்பிடும்போது, நாம் படைப்பாளியிடம் கேட்பது சமூக அறிவையன்று; குறிசொல்லுதலையே. அத்தகைய விமர்சனம் மார்க்சின் சொற்களால் ஸ்டோயிக்கரின் கோட்பாட்டை ஓதுவதாகும். வரலாறு தானே நம்மைக் கொண்டுசெல்லும் என்று நம்புபவன், வண்டியிற் கட்டப்பட்ட நாய் வண்டியோடு விரும்பியே ஓடட்டும் என்ற அவர்களது உவமைக்கு உள்ளாகின்றான்.

கிரேக்கரின் இரு சொற்களும் எமக்குத் தரும் அளவுகோல் எளிமையானது. 'இது இவ்வாறுதான் நிகழும்' என்ற கூற்று எங்கு எழுந்தாலும் நாம் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இங்கு பங்கிட்டவர் யார்? பாரம் யார்மேல் அழுந்துகின்றது? ஹெக்டரின் சாவைப் பாடும் காவியத்திலே நீர் சுமக்கும் அந்திரோமாக்கியையும், ஈடிப்பசின் வீழ்ச்சியைக் காட்டும் நாடகத்திலே கைமுறுக்கப்படும் இடையனையும் காணப் பழகிய வாசகர், தம் காலத்து இலக்கியத்திலும் அவர்களை அடையாளங்காண்பர்.

அவ்விடையன் குழவியைக் கொல்லுமாறு பணிக்கப்பட்டிருந்தான். அவன் அடிமை, ஆணை ஆண்டானுடையது. ஆயினும் அவன் கொல்லவில்லை. அதனால் விளைந்தது பெருந்துயரம் என்பது உண்மையே. ஆயினும் அந்நாடகத்தில் எவருடைய கட்டளைக்கும் வாக்குக்கும் அஞ்சாது, இரக்கம் ஒன்றினால் மாத்திரம் செய்யப்பட்ட செயல் அது. நியதியின் உள்ளே நின்றுகொண்டு மனிதர் செய்யும் இத்தகைய செயல்களை விளக்க முடியாத விமர்சனம், எத்துணை விதிகளை மனனஞ் செய்திருப்பினும், வரலாற்றை விளக்கியதாகாது.